வரமுடியாதவர்களின் பக்கம்

செத்தவீட்டு நேரலைக்கு என்னென்ன சாமான் வாங்கவேண்டும் என்று கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் கமராவில்தான் தொடங்குகிறார்கள். எந்த மொடல், எந்த லென்ஸ், ஃபோர் கே தேவையா. நான் மைக்கில் தொடங்கச் சொல்வேன். படம் கொஞ்சம் கலங்கினால் ரொறன்ரோவில் இருக்கிற மகள் பொறுத்துக்கொண்டு பார்ப்பாள். சத்தம் நின்றால் பொறுக்கமாட்டாள். உடனே தம்பிக்கு ரெலிபோன் எடுப்பாள்; தம்பி தர்ப்பை போட்ட கையோடு ஐயருக்கு முன்னால் இருப்பான். தேவாரம் கேட்கவேண்டும், பறை கேட்கவேண்டும், மாமி தன் பெயரையும் சொல்லி அழுகிறாவா என்று கேட்கவேண்டும். இதை எனக்குப் படிப்பித்தது ஒரு பழைய வீ.எச்.எஸ். கசெற்.

எண்பதுகளின் முடிவில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கையாளாகச் சேர்ந்தேன். அப்போது செத்தவீட்டுக்குப் போவது போட்டோ எடுக்கத்தான். பிரேதத்தைச் சுற்றிப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் நிற்க ஒரு படம். பந்தம் பிடிக்கிற பேரப்பிள்ளைகள் ஒரு படம். படலையால் பாடை வெளிக்கிடும்போது ஒரு படம். செய்தி போய்ச் சேர வேறு வழிகள் இருந்தன. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் போகும்போது கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்த ஊர் இது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவுமுறை முழுவதும் வாசித்து, தகனம் எந்த மயானத்தில் எத்தனை மணிக்கு என்று முடிப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொழும்பில் இருந்து யாராவது ரெலிபோன் எடுத்துச் சொல்லவேண்டும். அவர் வரப்போவதில்லை என்று எடுக்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். 1983க்குப் பிறகு அகதியாகப் போனவர்களுக்குத் திரும்பி வருகிற பாதை இருக்கவில்லை.

அவர்களுக்காகத்தான் செத்தவீட்டுக்குள் வீடியோ வந்தது. தோளில் தூக்கி வைக்கிற பானாசோனிக் கமராவோடு நான் முற்றத்தில் நின்றால், கிழவிகள் அழுகைக்கு நடுவில் லென்ஸைப் பார்த்துக் கதைப்பார்கள். "பாரடா மோனை, கொப்பரைப் பாரடா" என்று கமராவுக்குள் இருக்கிற மகனைக் கூப்பிட்டு ஒப்பாரி சொல்வார்கள். அந்த மகன் அதைக் கேட்க மாதக்கணக்கில் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1990 ஜூனில் சண்டை தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ரோர்ச் பற்றறிகூடத் தடைசெய்த பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கமராவுக்குக் கார் பற்றறி. ஜெனரேற்றர் வைத்திருக்கிற கடையில் கொடுத்து ஏற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், பிரேதத்துக்குப் பக்கத்தில் வாங்குக்குக் கீழே வைத்து வயர் இழுப்பேன். புதுக் கசெற் கிடைக்காது. கலியாணக் கசெற் ஒன்றை வீட்டுக்காரர் எடுத்துத் தருவார்கள், அதை அழித்து அதன்மேல் எடுப்போம். எடுத்த கசெற் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வன்னியால் நடந்து, தாண்டிக்குளத்தில் சோதனைக்கு விரித்துக் காட்டப்பட்டு, கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாராவது விமானம் ஏறுகிறவரின் கைப்பையில் வெளியே போகும். எத்தனையோ கசெற்றுகள் வழியில் நின்றுவிட்டன.

போய்ச் சேர்ந்தாலும் எல்லா இடத்திலும் ஓடாது. இலங்கையில் நாங்கள் எடுத்தது பால் முறை. லண்டனிலும் ஜெர்மனியிலும் சுவிஸிலும் நோர்வேயிலும் அதே முறைதான், பிரச்சினை இல்லை. பிரான்ஸில் சீகம். கனடாவில் என்.ரி.எஸ்.சி.; ஒரு செக்கனுக்கு எங்களுக்கு 25 படம், அவர்களுக்கு 30, கோடுகளின் கணக்கும் வேறு. கனடாவில் கடையில் வாங்கிய சாதாரண டெக்கில் எங்கள் கசெற்றைப் போட்டால் படம் உருளும், சத்தம் இழுபடும். மாற்றித் தருகிற கடைகள் அங்கே இருந்தன.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது வெளிநாட்டில் இருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்த ஒருவர் என்னுடைய கடைக்கு ஒரு கசெற்றோடு வந்தார். லேபிளில் இருந்த எழுத்து என்னுடையது. 1994இல் எடுத்த அவருடைய தாயாரின் செத்தவீடு.

"அண்ணை, இதை ஒருக்காப் போட்டுக் காட்டுவியளோ? அங்கை ஓடேல்லை."

மாற்றுகிற கடைகள் இருக்குமே என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா மாத்துறவன் முழுக்கப் பாத்துக்கொண்டுதான் மாத்துவான். அம்மா கிடக்கிறதை அவன் ஏன் பாக்கோணும்?"

கடையின் முன்கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. படத்தில் பாதி வெள்ளைக் கோடு. தாயாரின் முகம் வந்து வந்து மறைந்தது. சத்தம் மட்டும் முழுதாக இருந்தது. யாரோ ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீட்டி அழுகிற குரல். அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இது பெரியம்மான்ர குரல்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பெரியம்மாவும் இடம்பெயர்வோடை போயிட்டா" என்றார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறிய இடப்பெயர்வு. அந்தப் பெரியம்மாவின் குரல் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் பதிவாகி இருக்கவில்லை. திருப்பிப் போடச் சொன்னார். திருப்பிப் போட்டேன்.

செத்தவீட்டுக்குப் படம் எடுக்கிறவன் முதலில் எதைக் காப்பாற்றவேண்டும் என்பது எனக்கு அன்றே தீர்ந்துவிட்டது. இன்றைக்கு நேரலைக்குச் சாமான் தெரிவு செய்யும்போதும் அந்த மனுசனைத்தான் மனதில் வைத்து வாங்குகிறேன். சத்தம் விளங்கவேண்டும், இடையில் அறக்கூடாது, யாரோ ஒரு அந்நியன் பார்க்கக்கூடாது.

இப்போது ஸ்ரூடியோக்காரர் பலர் கலியாணத்துக்கு வாங்கிய சாமான்களை அப்படியே செத்தவீட்டுக்கும் கொண்டுவருகிறார்கள். ட்ரோன், கிம்பல், நீளமான கிரேன். வீட்டுக்காரர் கேட்டாலும் நான் ட்ரோன் ஏற்றுவதில்லை. தேவாரத்துக்கு மேலே அந்த இரைச்சல் கேட்கக்கூடாது. கிம்பலைப் பிடித்துக்கொண்டு பிரேதத்தைச் சுற்றி நடக்கிறவன் வாய்க்கரிசி போட வருகிற மனுசரின் வழியை மறிக்கிறான். செத்தவீட்டில் கமரா ஓரிடத்தில் நிற்கவேண்டும். பார்க்கிறவருக்கும் அதுதான் வேண்டும். தான் அங்கே வந்திருந்தால் ஒரு கதிரையில் இருந்திருப்பார், அந்தக் கதிரையில் இருந்து தெரிவது தெரிந்தால் போதும்.

சத்தத்துக்கு வருவோம். சைவச் செத்தவீட்டுக் கிரியையில் சத்தம் ஒரே அளவில் இருக்காது. கும்பம் வைத்து ஐயர் மெதுவாக மந்திரம் சொல்வார். சுண்ணம் இடிக்கும்போது உலக்கை உரலில் விழும், கூடவே திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். வெளியில் பறை அடிக்கும். பிரேதம் எடுக்கும் நேரம் எல்லாரும் ஒன்றாகக் குழறுவார்கள். ஐயருக்குச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் சரிவராது. அவருக்குச் சட்டையே இல்லை; சால்வையில் குத்தினால் குனிந்து நிமிரும்போதெல்லாம் உரசும். கும்பத்துக்கு ஒரு பக்கமாகப் பதிவான ஸ்ராண்டில், அவர் வாயைப் பார்த்தபடி ஒரு கன் மைக் வைப்பேன். பாடுகிறவருக்கு ஒன்று. பெண்கள் இருக்கிற பக்கம் கூரைக் கம்பில் ஒன்று கட்டிவிடுவேன், யாருடைய முகத்துக்கு முன்னாலும் நீட்டமாட்டேன். நாலு மைக் போடக்கூடிய சின்ன மிக்ஸர் போதும். பதிவில் இன்னொரு தடத்தை 12 டெசிபெல் குறைத்து வைத்திருப்பேன். பறை ஏறி முதலாவது தடம் கிழிந்தால் இரண்டாவது இருக்கும். எல்லாம் வயர். பந்தலுக்குள் நூறு போன் இருக்கிற இடத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் மைக்கை நம்பி இறங்கவேண்டாம்.

இன்னொன்று. கூட்டம் நடத்துவதற்காகச் செய்த காணொளிச் செயலிகள் பேச்சுக்குரல் தவிர்ந்ததை எல்லாம் இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும். அவற்றில் போட்டால் பறை விட்டு விட்டுக் கேட்கும், ஒப்பாரி தேய்ந்து போகும். அந்த வெட்டை நிறுத்துகிற வசதி அமைப்புக்குள் எங்கேயாவது இருக்கும். தேடிப்பிடித்து நிறுத்தாமல் தொடங்காதீர்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு வேண்டுகோள் எப்போதும் வைப்பேன்: நேரலை போகும்போது இசைத்தட்டுத் தேவாரம் போடவேண்டாம். உரிமை உள்ள பதிவு என்று யூரியூப் கண்டுபிடித்தால் நேரலையையே மறித்துவிடக்கூடும். நேரில் பாடினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. நேரில் பாடுவதுதான் முறையும்.

அடுத்தது இணைப்பு. கையில் ஒரு போனை வைத்து எல்லாவற்றையும் அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் முதல்நாள் பின்னேரம் வந்து வேகம் பார்ப்பார்கள், நன்றாக இருக்கும். மறுநாள் காலை முந்நூறு பேர் முற்றத்தில் நிற்பார்கள், முந்நூறு பேரின் போனும் அதே கோபுரத்தில் தொங்கும். மேலே அனுப்புகிற வேகம் அப்போதுதான் விழும். ஆகவே இரண்டு வேறு கொம்பனிச் சிம். ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தானே மாறுகிற றவுட்டர். லைவ்யூ போன்ற, பல சிம்மை ஒன்றாகப் பிணைத்து அனுப்புகிற கருவிகள் உண்டு. தொலைக்காட்சிக்காரருக்கானவை, எங்களுக்கு விலை எட்டாது. வீட்டில் பைபர் இருந்தால் யன்னலால் ஒரு நீள வயர் இழுப்பதே ஆகச் சிறந்தது. படத்தை 720க்கு மேல் ஏற்றவேண்டாம். 720இல் 2.5 மெகாபிற் வேகம் முகம் தெரியப் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு 1.1 ஜிகாபைற் அளவில் போகும், நாலு மணித்தியாலக் கிரியைக்கு நாலரை. பார்க்கிறவர்களில் பாதிப்பேர் வேலையிடத்தில் இடைவேளையில் போனில் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உடையாமல் போவதுதான் முக்கியம். கூடவே கமராவின் மெமரிக் காட்டிலும் முழுவதும் பதியவேண்டும். இணைப்பு அறுந்த பத்து நிமிடத்தைப் பிறகு கொடுக்க அது ஒன்றுதான் வழி.

மின்சாரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. 2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போனபோது, கொழும்பு ஸ்ரூடியோக்காரர் திகைத்து நின்றார்கள். நாங்கள் வாங்குக்குக் கீழே பற்றறி வைத்தோம். கமரா, மிக்ஸர், றவுட்டர், மடிக்கணினி எல்லாம் சேர்த்து 100 வற் அளவில் இழுக்கும். நாலு மணித்தியாலத்துக்கு 400 வற்-மணி. 12 வோல்ற் 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றறி ஒன்று இருந்தால் இதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். ஜெனரேற்றரின் சத்தம் கிரியைக்குள் வராது. அந்த வருடம் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதத்துக்குள் 360க்கு ஏறியது. வாங்க நினைத்த சாமானில் பாதியைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். எதை விட்டாலும் பற்றறியை விடாதீர்கள் என்று சொன்னேன்.

கமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலைகூடிய போட்டோக் கமரா வேண்டாம். பழைய மொடல்கள் பல 29 நிமிடம் 59 செக்கனில் பதிவை நிறுத்திவிடும். ஐரோப்பாவில் 30 நிமிடத்துக்கு மேல் பதிகிற கமராவுக்கு வீடியோக் கமரா என்று கூட்டி வரி போட்டதால் வந்த கட்டுப்பாடு அது. தகரப் பந்தலின் கீழ் சித்திரை வெயிலில் சில சூடேறி அணைந்தும் போகும். சாதாரண ஹான்டிகாம் வகை போதும். மணிக்கணக்கில் ஓடும், சூம் மெதுவாகப் போகும். இரண்டு வைத்தால் நல்லது: ஒன்று பிரேதத்தின் முகத்துக்கு, ஆட்களின் தலைக்கு மேலால் தெரிகிற உயரத்தில்; மற்றது கிரியைக்கு, ஓமப் புகை வராத பக்கம். மாற்றி மாற்றிக் காட்டும் சுவிச்சர் முன்பு எட்டாத விலை. 2019இல் பிளாக்மாஜிக்கின் ஏற்றெம் மினி 295 டொலருக்கு வந்தபிறகு சின்ன ஸ்ரூடியோவும் வாங்கக்கூடியதாக இருக்கிறது. அதுவும் இல்லாதவர்களுக்கு ஓ.பி.எஸ். மென்பொருள் இலவசம்.

பால், என்.ரி.எஸ்.சி. சண்டை இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பது மாறவில்லை. போனும் கமராவும் 30 படத்தில் அமைத்து வந்திருக்கும்; அப்படியே எடுத்தால் ரியூப் லைற்றின் கீழ் பிரேதத்தின் முகம் துடிக்கும். 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று மாற்றிவிட்டால் துடிப்பு நிற்கும். அன்றைக்கு எங்கள் 25 கனடாவுக்குப் போய் உருண்டது. இன்றைக்கு அதே 25 எந்த நாட்டுப் போனிலும் அமைதியாக ஓடுகிறது.

இதெல்லாம் இங்கிருந்து அங்கே போவதற்கு. அங்கிருந்து இங்கே வருவதற்கும் ஒரு வழி வேண்டும் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. நேரலையில் பார்க்கிறவர் நாங்கள் அனுப்பியதை அரை நிமிடம்வரை பிந்தித்தான் பார்க்கிறார். அதில் அவர் பேசமுடியாது. ஆகவே நான் ஒரு தனிப் போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பிரேதத்தின் தலைமாட்டில் வைக்கிறேன். நெருங்கிய ஒருவர் மட்டும் அதில் வைபரிலோ வட்ஸ்அப்பிலோ இருப்பார். யூரியூப்பின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனில் மட்டும் கேட்கும்படி அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் இரண்டு தரம் கேட்டுக் குழம்புவார். வாய்க்கரிசி நேரம் ஒரு வீட்டில் ரொறன்ரோ மகள் அந்த ஸ்பீக்கரில் கேட்டாள்: "தம்பி, என்ர பங்கையும் போடு. பேரைச் சொல்லிப் போடு." தம்பி இரண்டாம் தரம் அரிசி அள்ளினான். "இது அக்கான்ர, அப்பா" என்று சொல்லிப் போட்டான். வீடு முழுவதும் கேட்டது. அந்த ஸ்பீக்கர் எங்கள் சாமானில் ஆக மலிவானது.

நேரத்தையும் யோசிக்கவேண்டும். கோடையில் இங்கே காலை 9 மணிக்குக் கிரியை தொடங்கினால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30. மத்தியானம் 12 மணிக்குப் பிரேதம் எடுத்தால் அங்கே பின்னிரவு 2.30, லண்டனில் காலை 7.30, சிட்னியில் பின்னேரம் 4.30. இராகுகாலம் பார்த்து ஐயர் சொன்ன நேரத்தை இதற்காக மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மூத்த மகனிடம் கொடுப்பேன். பல வீட்டில் ஒரு மணித்தியாலம் முன்பின்னாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

பிறகு சுடலை. எங்கள் வழக்கத்தில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள். மனைவி, மகள்மார், சகோதரிகள், எவ்வளவு நெருங்கியவர்களானாலும் அதற்கப்பால் இல்லை. வீடியோக் காலத்திலும் சுடலைப் பகுதியைத் தனிக் கசெற்றில் எடுத்து ஆண்களிடம் கொடுப்போம். நேரலை வந்தபிறகு கோம்பயன்மணல் மயானத்தில் கொள்ளி வைப்பதை ஸ்காபரோவில் இருக்கிற மகள் பார்க்கிறாள். இங்கே வீட்டில் இருக்கிற தாய் பார்ப்பதில்லை. ஒருமுறை சுடலையில் இருந்து திரும்பி வந்தவுடன் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மூத்தவன் கொள்ளி வைக்கேக்கை அழுதவனாம், மெய்யோ?" என்று கேட்டா. கனடா மகள் போனில் சொல்லியிருக்கிறாள். முன்பு யாழ்ப்பாணத்துச் செய்தி கொழும்பைச் சுற்றிக் கனடாவுக்குப் போனது. இப்போது அரைக் கட்டை தூரத்தில் இருக்கிற சுடலையின் செய்தி கனடாவைச் சுற்றி வீட்டுக்கு வருகிறது. அந்த அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது சுடலை நேரலை போகும்போது வீட்டில் ஒரு ரி.வி.யிலும் போடட்டுமா என்று வீட்டுப் பெண்களிடம் நேரே கேட்கிறேன், ஆண்களிடம் இல்லை. சிலர் வேண்டாம் என்கிறார்கள். பலர் போடச் சொல்கிறார்கள்.

லிங்க் விடயத்தில் நான் கடுமையானவன். யூரியூப்பில் எல்லாருக்கும் திறந்து போடமாட்டேன். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படிதான். கீழே எழுதுகிற வசதியையும் நிறுத்திவிடுவேன். இரங்கல் எழுத விரும்புகிறவர் குடும்பத்துக்கு எழுதட்டும். பேஸ்புக்கில் போட்டுப் பார்வை கூட்டுகிற ஸ்ரூடியோக்களை நான் மதிப்பதில்லை. அழுகிற ஒரு பிள்ளையின் முகம் அவர்களுடைய விளம்பரம் இல்லை. கசெற்றை மாற்றக் கொடுக்காமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் வைத்திருந்த மனுசனுக்கு இன்றைக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை இதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: புதுச் சானலில் நேரலை வசதி திறக்க 24 மணித்தியாலம் வரை பிடிக்கும். சாவு சொல்லிவிட்டு வருவதில்லை. இன்றைக்கே திறந்து வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் இப்போது கூடி வருகிறது. போனவர்கள் அங்கேயே மூத்து, அங்கேயே சாகிறார்கள். இங்கே தாய் உயிரோடு இருக்கிறா. ரொறன்ரோவில் பின்னேரம் 5 மணிக்குப் பார்வைக்கு வைத்தால் கோடையில் எங்களுக்கு விடியப்புறம் 2.30. அப்படி ஒரு இரவு ஒரு வீட்டில் பெரிய ரி.வி., பற்றறி, ஸ்பீக்கர் எல்லாம் பூட்டிக்கொண்டு நின்றேன். அங்கே மலர்ச்சாலை மண்டபத்தின் பின்சுவரில் நிரந்தரமாக ஒரு கமரா பொருத்தியிருந்தது. ஒழுங்கான இணைப்பு, சத்தம் மணியாகக் கேட்டது, ஒரு தரமும் அறவில்லை. ஆனால் பெட்டி மண்டபத்தின் அந்தத் தொங்கலில். தாய் ரி.வி.க்குக் கிட்டப் போய்ப் போய்ப் பார்த்தா. "முகம் தெரியேல்லையே" என்றா. பேரனுக்கு எடுத்து, ஒரு போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்ராண்டில் நிறுத்தச் சொன்னோம். கால் மணித்தியாலத்துக்குள் செய்துவிட்டான். அன்றிலிருந்து வெளிநாட்டுச் செத்தவீடு என்றால் முதல்நாளே கேட்டு வைக்கிறோம்: மண்டபக் கமராவில் முகம் தெரியுமா, தெரியாவிட்டால் இரண்டாவது போன் யார் பிடிப்பது.

அங்கே அவர்களிடம் இருப்பதில் எனக்குப் பொறாமை தருவது ஒன்று உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் பல தகனச்சாலைகளில் கமரா, மைக், இணைய வயர் எல்லாம் கட்டடத்தோடு இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் மயானங்களில் பலவற்றில் ஒரு பிளக் குத்த இடமில்லை. காற்றுக்கு மைக்குக்கு மயிர்ப்போர்வை போட்டு, முதுகில் பற்றறியைச் சுமந்து, சிம்முக்குச் சிக்னல் தேடி மதில் ஓரம் ஓரமாக நடக்கிறோம். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனாலும் இதே பாடு, அங்கே கடற்காற்று வேறு. எங்கள் பகுதி மயானத்துக்கு ஒரு மின்னிணைப்பும் மண்டபம் வரை ஒரு பைபர் வயரும் கேட்டு உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் செலவைப் பொறுப்பதாகக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் மயானத்துக்கும் எழுதுங்கள். கடிதத்தின் மாதிரி கடையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.